சம்பளமா, பங்கா? ஒலுவில் கரையில் கேட்ட கணக்கு



எமது தோட்டங்களிலிருந்து இந்த முறையும் சில பிள்ளைகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறார்கள். லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கிலும் மின்சார வெளிச்சத்திலும் மாறி மாறிப் படித்த பிள்ளைகள். அவர்களைக் கொண்டுபோய் விடுவதற்குப் பெற்றோருடன் நாமும் சென்றோம். மலை இறங்கி, அம்பாறை வயல்வெளியைப் பஸ் கடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவியின் தகப்பனார் வெளியே பார்த்தபடி எம்மிடம் கேட்டார்:

"இங்கெல்லாம் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு சேர்? நம்ம தோட்டத்தவிட கூடவா?"

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. ஒவ்வொரு லயத்திலும் வளர்ந்த பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் கேட்கும் கேள்வி. ஆகவே பிள்ளைகளை விட்டவுடன் திரும்பிவிடாமல், இரண்டு நாள் ஒலுவிலிலும் பக்கத்து ஊர்களிலும் தங்கி, வயலில் நிற்பவர்களையும் கரையில் இருப்பவர்களையும் தறியில் இருப்பவர்களையும் விசாரித்தோம். தகப்பனாரின் கேள்விக்கு நேரான பதில் ஒரு வரிதான்: ஆம், ஒரு நாளுக்கு என்று பார்த்தால் பல வேலைகளில் கூடத்தான். ஆனால் ஒரு நாள் கணக்கு வேறு, ஒரு வருடக் கணக்கு வேறு. அதைச் சொல்வதற்கே இந்தத் தலையங்கம்.

இப்போது இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நாட்சம்பள முறையை மெல்ல விலக்கிவிட்டு, தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்துக் கொடுக்கும் கொழுந்துக்கு ஒரு பங்கு தரும் முறைக்குப் போக வேண்டும் என்று பெருந்தோட்டக் கம்பனிகள் பல வருடங்களாகவே சொல்லி வருகின்றன. வருமானப் பங்கு என்கிறார்கள், வெளியார் உற்பத்தி முறை என்கிறார்கள். "இனி நீங்கள் கூலிகள் அல்ல, பங்காளிகள்" என்ற பேச்சு பிரட்டுக்களம் வரைக்கும் வந்துவிட்டது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்கில் வாழும் ஒரு கரையைப் பார்க்காமல் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டக் கூடாது.

நாம் போன இடமெல்லாம் மூன்று கேள்விகளையே கேட்டோம். கூலியை அல்லது விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? வருடத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது? நட்டம் வந்தால் அது யார் தலையில் விழுகிறது?

வயல்

அம்பாறை நெல் மாவட்டம். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, சேனநாயக்க சமுத்திரத்து நீர் கரையோர வயல்கள் வரைக்கும் வந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது. பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்துக்கு இரண்டு வேளாண்மை. நாம் போனபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது.

விதைப்பு, களை, வெட்டு என்று வேலை குவியும் நாட்களில் ஓர் ஆணின் நாட்கூலி எமது நாட்சம்பளத்தைத் தாண்டிப் போகிறது. ஆனால் அந்த நாட்கள் ஒரு போகத்தில் சில வாரங்கள்தான். முன்பு வேளாண்மை வெட்டு என்றால் ஊரே வயலில் நிற்கும். வெட்ட ஆட்கள், சூடு வைக்க ஆட்கள், சூடடிக்க ஆட்கள், கதிர் பொறுக்க ஏழைப் பெண்கள். இன்று நெல் வெட்டும் மெசின் ஒன்று வரம்பில் இறங்கினால் வெட்டுவதும் அடிப்பதும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. கூலியின் அளவு ஏறியது; கூலி வேலை நாள் குறைந்தது. போடியாருக்கு அது செலவுக் குறைப்பு. வயலை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு அது வருமானக் குறைப்பு.

களை பிடுங்கும் ஒரு ராத்தாவிடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா என்று கேட்டோம். சிரித்தார். "அதெப்புடி சேர் ஒண்டாத் தருவாங்க?" என்றார். மத்திய வங்கி வருடாவருடம் எடுக்கும் நாட்கூலிக் கணக்கிலும் நெல் வயலில் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று என்றுதான் வருகிறது. தோட்டத்திலோ 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம். எமது தாய்மார் இன்று அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலைக்குச் சம்பள நிர்ணய சபை உண்டு. நெல் குற்றும் ஆலைத் தொழிலுக்கும் உண்டு. ஆனால் அந்த நெல்லை விளைவிக்கும் வயல் கூலிக்காரர் உட்கார்ந்து பேச அப்படியொரு மேசை இல்லை. அவருடைய கூலி அன்றைய ஆள் தேவையும் அடுத்த வீட்டுக்காரரின் பசியும் சேர்ந்து தீர்மானிப்பது.

கடல்

ஒலுவில் கரையில் நாம் நின்ற நேரம் வாடைக் காற்று தொடங்கியிருந்தது. சிறிய தோணிகள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. இனிச் சில மாதம் கடல் கொந்தளிப்பு. பலருக்குத் தொழில் இல்லை.

கடலில் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழியும். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரர் தன் பங்கை எடுப்பார். அதன் பிறகு மிஞ்சுவதைக் கடலுக்குப் போனவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மீன் நன்றாகப் பட்டால் எமக்கு ஒரு வாரத்தில் வருவது அவர்களுக்கு ஓர் இரவில் வரும். இதை மறைக்கத் தேவையில்லை.

"பட்டாத்தான் காசு சேர். படாட்டி டீசல் கடன்தான்" என்றார் ஒரு காக்கா. பங்கு என்ற சொல்லின் முழுக் கருத்தும் அதில் இருக்கிறது. லாபத்தில் பங்கு என்றால் நட்டத்திலும் பங்கு.

அந்தக் கரையில் பெரிய நம்பிக்கையோடு கட்டப்பட்ட ஒரு துறைமுகம் இருக்கிறது. டென்மார்க் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்து வைத்தார்கள். கப்பல் வரும், ஊருக்கு வேலை வரும் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. வணிகக் கப்பல் போக்குவரத்து நிலைக்கவில்லை. துறைமுக வாயை மணல் மூடியது. தோண்டினார்கள், மறுபடியும் மூடியது. மறு பக்கத்தில் கடல் கரையை அரித்து, தென்னை நின்ற காணிகளையும் கொண்டுபோனது. வாய் மூடிக் கிடந்த மாதங்களில் படகைக் கடலுக்கு எடுக்க முடியாதவருக்கு யார் சம்பளம் கொடுத்தது? எவரும் இல்லை. வேலைக்கு வரத் தயாராக நின்ற ஆளுக்கு வேலை கொடுக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டிய முதலாளி என்று ஒருவர் அங்கே இல்லை. பங்காளிக்கு முதலாளி கிடையாது. ஆகவே கேட்பதற்கும் ஆள் கிடையாது.

கரும்பும் தறியும்

உள்ளே போனால் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை. 1990களின் பிற்பகுதியில் அது நின்றுபோய், 2012 அளவில் தனியார் கம்பனிகளும் அரசும் சேர்ந்த நிறுவனமாக மறுபடி இயங்கத் தொடங்கியது. அங்கே கரும்பு செய்பவர் பெயரளவில் விவசாயி. ஆனால் விதைக் கரும்பும் பசளையும் முற்பணமாக வருகின்றன. கரும்பைக் கொடுத்த பிறகு முற்பணம் கழிந்த மிச்சம்தான் கைக்கு வருகிறது. வாங்குவதற்கு ஒரே ஓர் ஆலை. எமது சம்பளத் துண்டில் வரவு ஒரு வரியும் கழிவு பல வரியுமாக இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். அங்கே நெய்த சாரமும் சேலையும் நாடு முழுக்கப் போயின. 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்டு, வெளிநாட்டு மில் துணி மலிவாக வந்தபோது தறிகள் ஒவ்வொன்றாக மௌனமாயின. இன்று மிஞ்சியிருக்கும் தறிகளில் பெரும்பாலும் பெண்கள். நெய்த அளவுக்குத்தான் கூலி. நூல் விலை ஏறினாலும், சந்தை படுத்தாலும், கை வலித்தாலும் அந்த நாள் அவர்களுடைய நட்டம்.

இவை எல்லாவற்றிலும் வெறுத்தவர்கள் மேசன் வேலைக்கும் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. வீடுகளைத் திரும்பக் கட்டிய வருடங்களில் மேசனுக்கும் தச்சனுக்கும் நல்ல கிராக்கி இருந்தது. கட்டி முடிந்ததும் கிராக்கியும் முடிந்தது. கல்முனைக் கரையிலும் எமது லயங்களிலும் தாய் வெளிநாட்டில் இருக்க, பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் ஒரே மாதிரித்தான் பாடசாலைக்கு வருகிறார்கள்.

எமது கணக்கு

அப்படியானால் எமது நாட்சம்பளம் நல்லது, அதோடு திருப்திப்படுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் எம்மை நீங்கள் பிரட்டுக்களத்தில் நிற்க விடக் கூடாது.

2016இல் கூட்டு ஒப்பந்தத்தில் மொத்தம் 730 ரூபாய். 2019இல் அடிப்படைச் சம்பளம் 700. ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை பல வருடம் இழுபட்டு, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 900உம் 100உமாக வந்தது. அதோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2022இல் விலைவாசி தலைக்கு மேல் போனபோது அந்த ஆயிரம் கரைந்துபோனது. 2024இல் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டெம்பரில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமாக நின்றது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்குவதாகவும், அரசு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தருவதாகவும் சொல்லப்பட்டது. சேர்த்து 1,750. அந்த 200 அடிப்படைச் சம்பளம் அல்ல என்பதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். 2024இல் நின்ற 1,350 ரூபாய்க்கு அதை எட்டுவதென்றால் மாதத்தில் 23 நாள் முழுப் பேர் விழ வேண்டும். எத்தனை தோட்டங்களில் 23 நாள் வேலை கொடுக்கிறார்கள்? கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவதும், வாரத்தில் சில நாட்கள் மட்டும் வேலை கொடுப்பதும் எமக்குத் தெரியாததல்ல. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிவில் இருந்தார்கள். இன்று அதில் பாதியும் இல்லை. போனவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் போனார்கள்.

ஆனால் நாட்சம்பளத்தோடு கூடவே வரும் சில விடயங்கள் கையில் காசாக வருவதில்லை. அதனால் அவற்றை நாம் எண்ணுவதில்லை. இப்போது எண்ணிப் பார்ப்போம்.

ஒருவருக்கு மாதம் 20 நாள் பேர் விழுகிறது என்று வைப்போம். 2024இல் நின்ற 1,350 வீதம் 27,000 ரூபாய். இதற்கு மேலதிகமாக, முதலாளி தன் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்ட வேண்டும்: 3,240 ரூபாய். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம்: 810 ரூபாய். மாதம் 4,050, வருடம் 48,600 ரூபாய். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, வேலையை விட்டுப் போகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடை: 18,900 ரூபாய். கூட்டினால் வருடத்துக்கு 67,500 ரூபாய்.

"இனி நீங்கள் பங்காளி" என்று கம்பனி எழுதித் தரும் தாளில் நீங்கள் தொழிலாளி அல்ல என்ற கருத்தும் அடங்கியிருக்கக் கூடும். அப்படியானால் அந்த 67,500 ரூபாய் உங்கள் கையெழுத்தோடு போய்விடும். பிரசவ விடுமுறை, மழை நாள், வேலையில் காயப்பட்டால் நட்டஈடு இவற்றின் கதியையும் அந்தத் தாளில் தேடிப் பாருங்கள். ஒலுவிலில் நாம் பேசிய எவருக்கும் சேமலாப நிதி இலக்கம் இல்லை. அறுபது வயதிலும் வலை இழுக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக அல்ல.

சிறு தேயிலைத் தோட்டக்காரர்கள் நன்றாக இருக்கிறார்களே, அவர்களும் கொழுந்து விற்றுத்தானே வாழ்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அவர்களிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அவர்களுக்கு இரண்டு பலம் இருக்கிறது. ஒன்று, காணி அவர்களுடையது. விலை விழுந்த வருடத்திலும் காணி மிஞ்சும், உறுதி வங்கிக்குப் போகும், பிள்ளைக்குப் போகும். மற்றது, கொழுந்து விலைக்குச் சட்டத்தின் கீழ் ஒரு சூத்திரம் இருக்கிறது. விற்பனை விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. எம்மிடம் கேட்கப்படுவது என்ன? காணி கம்பனிக்கு, தராசு கம்பனிக்கு, விலையும் கம்பனி சொல்வது; காய்ந்த மாதத்தின் நட்டம் மட்டும் எமக்கு. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் தடை செய்தார்கள். வயலிலும் மலையிலும் விளைச்சல் விழுந்தது. அந்த வருடம் நாம் இந்த வகைப் பங்காளிகளாக இருந்திருந்தால் என்ன வாங்கியிருப்போம் என்று ஒவ்வொரு குடும்பமும் யோசித்துப் பார்க்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

பங்கு முறையை நாம் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை. பேசலாம். ஆனால் நிபந்தனைகள் எம்முடையவையும் ஆக இருக்க வேண்டும். நாட்சம்பளம் அடித்தளமாக இருக்கட்டும், பங்கு அதற்கு மேல் வரட்டும். சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, பணிக்கொடை மூன்றும் தொடரட்டும். தராசை எமது ஆளும் பார்க்கட்டும். விலைச் சூத்திரம் எழுத்தில் இருக்கட்டும். மலையைப் பொறுப்பெடுக்கும் குடும்பத்துக்கு அந்தக் காணியில் சட்டப்படி உரிமை வரட்டும். இவை இல்லாத பங்குக்கு ஒலுவில் கரையில் வேறு பெயர் இருக்கிறது: கடன்.

அதுவரை ஒவ்வொரு அங்கத்தவரும் மூன்று வேலை செய்யுங்கள்.

ஒன்று, ஒரு கொப்பி வாங்குங்கள். வேலைக்குப் போன நாள், முழுப் பேரா அரைப் பேரா, நிறுத்த கிலோ, தராசில் கழித்த கிலோ என்று அன்றன்றே எழுதுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கணக்குப் பாடத்துக்கும் அது நல்ல பயிற்சி. மாத முடிவில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுத் தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள்.

இரண்டு, பங்கு, கொந்தரப்பு, மலைப் பொறுப்பு என்று எந்தப் பெயரில் எந்தத் தாள் வந்தாலும் சங்கத்திடம் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்று, வெளியே வேலைக்குப் போகும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். போகும் இடத்தில் சேமலாப நிதி இலக்கம் கேட்டு வாங்கச் சொல்லி அனுப்புங்கள். தோட்டத்திலிருந்து போன பிள்ளை கடையிலும் ஆலையிலும் அதைக் கேட்டால், பக்கத்தில் நிற்கும் அம்பாறைப் பிள்ளையும் கேட்கும்.

1940 ஜனவரியில் முல்லோயாவில் சம்பள உயர்வு கேட்டவர்கள் மேல் பொலிஸ் சுட்டு, கோவிந்தன் உயிரிழந்தார். அடுத்த வருடம் சம்பளச் சபைகள் சட்டம் வந்தது. எமக்கு ஒரு மேசை இருக்கிறது என்றால் அதன் ஒரு காலடியில் அவருடைய இரத்தம் இருக்கிறது. அந்த மேசை ஆடுகிறது, சின்னதாகவும் இருக்கிறது என்பது உண்மை. அதைத் திருத்தவும் பெரிதாக்கவும் வேண்டும். வயலிலும் கடலிலும் தறியிலும் உழைப்பவர்களுக்கும் அதில் இடம் கேட்க வேண்டும். எழுந்து போய்விட்டால் கதிரையைக் கம்பனி எடுத்துக்கொள்ளும்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அந்தத் தகப்பனார் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்டதையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ மகள் படிப்பு முடிச்சு வேலைக்குப் போனா, முதல்ல சம்பளத்தக் கேக்கக் கூடாது, இ.பி.எப். நம்பரத்தான் கேக்கணும்" என்றார்.

இரண்டையும் கேட்கட்டும் என்றோம்.